ஃபெண்டர் ரம்பிள் 40: எட்டுக் கிலோ பொட்டியில் எவ்வளவு பேஸ் தேறும்?

நாற்பது வாட் பேஸ் ஆம்ப், அதாவது பேஸ் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற பொட்டி, மேடைக்குப் போதுமா என்றால், போதாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் யாரும் என்னைத் திட்ட வேண்டியிருக்காது. டிரம்ஸ் வாசிக்கிற பையனுக்குக் கொஞ்சம் கை கனமாக இருந்தால் ரிகர்சல் ரூமிலேயே இது திணறும். அப்படியும் என் ஃபெண்டர் ரம்பிள் 40-ஐ நான் விற்கப் போவதில்லை. எங்கள் ட்ரூப்பில் புதிதாக பேஸ் எடுக்கிற பிள்ளைகள் கேட்டாலும் இதையேதான் சொல்கிறேன். காரணம் அதன் சத்தம் அல்ல. அதில் இருக்கிற ஒரு மூன்று முள் சாக்கெட்.

அதற்கு வருகிறேன். முதலில் யார் பேசுகிறேன் என்று தெரிய வேண்டும், ஏனென்றால் ஆம்ப் விஷயத்தில் எங்கே வாசிக்கிறோம் என்பதுதான் பாதி. வீடு காலடிப்பேட்டையில். பகலில் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீசில் கணக்குப் பார்க்கிறேன். ஞாயிறு காலை சர்ச் கொயர். ஆடி பிறந்தால் கூழ் ஊற்றும் திருவிழா மேடைகள், வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் வரைக்கும் எங்கே கூப்பிட்டாலும் போவோம். முகூர்த்த மாதங்களில் ரிசப்ஷன். வாசிப்பது நாலு ஸ்ட்ரிங், ஜாஸ் பேஸ் மாடல், இரண்டு பிக்கப், பேட்டரி இல்லாதது. ஆம்ப்பை பெரம்பூரில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு அங்கிளிடம் செகண்ட் ஹேண்டாக 15,000 ரூபாய்க்கு வாங்கினேன். மூலையில் கொஞ்சம் தோல் உரிந்திருந்தது, மற்றபடி சுத்தம்.

அதற்கு முன்னால் புதிது பார்க்கலாம் என்று ஒரு கடைக்குப் போயிருந்தேன். பேர் வேண்டாம். "பையனுக்கா மேடம்?" என்றுதான் ஆரம்பித்தார்கள். எனக்குத்தான் என்றதும் அந்த சேல்ஸ் பையன் ஒரு நிமிடம் என் கையைப் பார்த்தான், அப்புறம் அறிவுரையைத் தொடங்கினான். "40 வாட்டெல்லாம் வீட்டுக்கு மேடம். 100 வாட் எடுங்க, சத்தம் டபுளுக்கு மேல வரும்." வராது. வாட் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், 'யாரோ லேசா ஏத்தினாங்க போல' என்று தோன்றுகிற அளவுக்கு. 40-லிருந்து 100-க்குப் போனால் 4 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு என்று படுவதற்குச் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட், அதாவது 400. ஸ்பீக்கர் எத்தனை இன்ச், பெட்டி எவ்வளவு பெரியது என்பதெல்லாம் வாட் எண்ணிக்கை அளவுக்கே முக்கியம். கடைகளில் அந்த எண்ணை மட்டும்தான் கொட்டை எழுத்தில் ஒட்டுகிறார்கள்.

பொட்டியைப் பற்றிச் சுருக்கமாக. 10 இன்ச் ஸ்பீக்கர் ஒன்று. மேல் சத்தத்துக்கென்று வைக்கிற குட்டி ஸ்பீக்கர், ட்வீட்டர், கிடையாது. எடை எட்டுக் கிலோ சொச்சம். ஸ்கூட்டி முன்பக்கத்தில் காலுக்கு நடுவே நிற்கும், முதுகில் பேஸ் பையை மாட்டிக்கொண்டு மெட்ரோவில் ஏறினாலும் இன்னொரு கைக்கு ஃபோன் பிடிக்க இடம் இருக்கும். ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸ் என்ற பேஸ் கிட்டாரை விற்க ஆரம்பித்து, அதற்கென்றே அடுத்த வருடம் பாஸ்மேன் ஆம்ப்பை 15 இன்ச் ஸ்பீக்கரோடு கொண்டுவந்தார்கள். 1969-ல் ஆம்பெக் எஸ்விடி வந்தது, 300 வாட், உள்ளே எல்லாம் வால்வு. ஹெட்டை (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பகுதி) தூக்கவே இரண்டு ஆள் வேண்டும், ஸ்பீக்கர் பெட்டிக்குத் தனி ஆள். அந்த சவுண்டுக்கு இன்றைக்கும் உயிரை விடுகிறவர்கள் இருக்கிறார்கள், விடட்டும். எனக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தனியாக மேடையிலிருந்து இறக்கி வண்டியில் வைக்க முடிகிற பொட்டிதான் நல்ல பொட்டி.

இப்போது அந்த சாக்கெட். ரம்பிள் 40-ல் எக்ஸ்எல்ஆர் லைன் அவுட் இருக்கிறது. மைக் கேபிள் ஒன்றை அதில் சொருகி மறுமுனையை மைக்செட்காரரின் மிக்சரில் கொடுத்தால் பேஸ் நேராகப் பெரிய ஸ்பீக்கர்களுக்குப் போய்விடும். தெருவுக்குக் கேட்க வேண்டிய வேலை அவர்களுடையது, ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிற பாக்ஸ்கள் அதற்குத்தானே வாடகை வாங்குகின்றன. இந்த ஆம்ப் என் காதுக்கு மட்டும். மேடையில் மானிட்டர் என்று ஒன்று வைப்பார்கள். அதில் பாடுகிறவரின் குரல் இருக்கும், மிச்சம் கீபோர்டு இருக்கும். பேஸை அதில் கேட்டு வாங்குவதற்குள் முதல் பாட்டு முடிந்துவிடும். நாம் என்ன வாசிக்கிறோம் என்று நமக்கே கேட்காதபோது கை தானாக அழுத்தி அடிக்கும், டைமிங் முன்னால் ஓடும், சுருதி கூட சந்தேகமாகிவிடும். காதுக்கு நாலடி தூரத்தில் இந்தச் சின்னப் பொட்டி இருந்தால் அத்தனையும் அடங்கிவிடும்.

இதே வரிசையில் இன்னும் சின்னது ரம்பிள் 25. 8 இன்ச் ஸ்பீக்கர், விலை குறைவு, வீட்டுக்கு அருமையாக இருக்கும். ஆனால் எக்ஸ்எல்ஆர் கிடையாது. மேடைக்குப் போகிற ஆள் அதை வாங்கினால் பேஸை மிக்சருக்குக் கொடுக்கிற குட்டிப் பெட்டி, டிஐ பாக்ஸ், ஒன்றைத் தனியாக வாங்கி இரண்டையும் சுமக்க வேண்டும், மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். வீட்டை விட்டு வெளியே வாசிக்கவே போவதில்லை என்றால் தாராளமாக 25-ஐ எடுங்கள்.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு அம்மன் கோயில் மேடையில் சவுண்டு அண்ணன் இந்தப் பொட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாமா, இத்துனூண்டு பொட்டிய தூக்கினு வந்துகீற? இது எங்க கேக்கப் போவுது?" நான் ஒன்றும் சொல்லாமல் கேபிளை நீட்டினேன். அவர் மிக்சரில் ஃபேடரை ஏற்றினார், நான் ஈ ஸ்ட்ரிங்கை, நாலில் தடித்ததை, ஒரு முறை விட்டேன், மேடைக்குப் பக்கத்துக் கடையின் ஷட்டர் அதிர்ந்தது. "ஐய, லைன் க்ளீனா கீதே" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். மைக்செட்காரர்கள் வாயால் இதற்கு மேல் பாராட்டு வராது.

எங்கே வைக்கிறோம் என்பதில் தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். தரையில் வைத்தால் ஸ்பீக்கர் முழங்காலைப் பார்க்கிறது. காது மேலே இருக்கிறது. கீழ் சத்தம் எல்லாப் பக்கமும் பரவும், ஆனால் நோட்டின் முனை, விரல் ஸ்ட்ரிங்கில் படுகிற அந்தத் 'டக்', நேராகத்தான் போகும். நமக்குத் தெளிவாகக் கேட்கவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவோம், எதிரில் தூரத்தில் நிற்கிறவருக்கு அது காதைக் குடையும். நான் காய்கறிக் கடை பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் வைக்கிறேன், முன்பக்க அடியில் ஒரு மரத்துண்டு கொடுத்துக் கொஞ்சம் அண்ணாந்து பார்க்கிற மாதிரி. தெரு மேடைகள் பலகை போட்டவை, கீழே காலி. நேராகப் பலகை மேல் வைத்தால் மேடையே சேர்ந்து உறுமும். கிரேட்டுக்கும் ஆம்ப்புக்கும் நடுவே பழைய மிதியடி ரப்பர் ஒன்றைப் போட்டால் அதுவும் குறையும். இதற்கெல்லாம் ஆகிற செலவு, கிரேட்டுக்குக் கடைக்காரரிடம் கேட்கிற தைரியம் மட்டும்.

வீட்டில் வேறு கதை. எங்கள் பக்கத்து வீடுகளில் அறை என்றால் பத்துக்குப் பத்து. பத்தடி இடைவெளியில் எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கிற முதல் அதிர்வு சுமார் 56 ஹெர்ட்ஸ். பேஸில் ஏ ஸ்ட்ரிங்கைத் திறந்து, அதாவது எங்கும் அழுத்தாமல், அடித்தால் 55. அதனால் அந்த அறையில் ஏ நோட்டும் பக்கத்து பி ஃப்ளாட்டும் பூதம் மாதிரி எழும்பும், ஈயும் டியும் சாதாரணமாக இருக்கும். என் ஆம்ப்பில் முதல் வாரம் ஏ அடிக்கும்போதெல்லாம் பீரோ கண்ணாடி 'ஜிர்ர்' என்றது. ஆம்ப் ரிப்பேர் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். பீரோ கதவு இடுக்கில் பிரித்த சோப்பு அட்டையை மடித்துச் சொருகினேன், 'ஜிர்ர்' போயிற்று, பூதம் மட்டும் இருந்தது. அறை மூலையில் இருந்த ஆம்ப்பை இழுத்து, சுவர் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வருகிற இடத்தில் சுவரை விட்டுக் கொஞ்சம் முன்னால் வைத்தேன். ஏ அடங்கியது. மூலையில் வைத்தால் அறையின் எல்லா அதிர்வுகளையும் ஒரே நேரத்தில் தட்டி எழுப்புகிறோம். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து கேட்டாலும் அதேதான். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் தலைகீழ், அந்த ஏ காணாமலே போகும். ஏ ஸ்ட்ரிங்கை யாராவது அடிக்க, நீங்கள் சுவரிலிருந்து நடு அறைக்கு நடந்து பாருங்கள், ஒரே நோட்டு பெருத்தும் மெலிந்தும் போவது தெரியும். கடையில் நன்றாக இருந்த ஆம்ப் வீட்டில் மோசமாக இருக்கிறது என்று புலம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மருந்து இதுதான். காசு கொடுத்து பெடல் வாங்கும் முன் ஆம்ப்பை நகர்த்திப் பாருங்கள்.

ராத்திரி ஹெட்ஃபோன். ஜாக் போட்டதும் ஸ்பீக்கர் கட் ஆகிவிடும். ஆக்ஸ் இன் இருக்கிறது, ஃபோனில் பாட்டை ஓடவிட்டுக் கூடவே வாசிக்கலாம். பக்கத்துப் போர்ஷனில் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு இதைவிடப் பெரிய வசதி வேண்டியதில்லை.

இனி நாபுகள். உள்ளே வருகிற சிக்னலுக்குக் கெய்ன், மொத்த சத்தத்துக்கு மாஸ்டர், நடுவே சத்தத்தின் அடி, நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க பேஸ், லோ மிட், ஹை மிட், ட்ரெபிள் என்று நாலு ஈக்யூ. பிரைட், கான்டூர், வின்டேஜ் என்று மூன்று பட்டன். சத்தத்தை வேண்டுமென்றே கரகரப்பாக்குகிற ஓவர்டிரைவ் ஒன்று தனியாக, அதை நான் தொடுவதே இல்லை, எங்கள் பாட்டுக்கு அது வேண்டியிருப்பதில்லை.

வாங்கிய அன்று எல்லோரும் செய்வது கான்டூர் பட்டனை அமுக்குவது. அமுக்கியதும் கீழும் மேலும் தூக்கி நடுப்பகுதி பள்ளமாகிவிடும். தனியாக வாசிக்கும்போது கேட்டால், ஆகா, ரெக்கார்டிங் மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் பேஸ் எங்கே போயிற்று என்று தேட வேண்டியதுதான். அடியில் கிக் டிரம் உட்கார்ந்திருக்கிறது, மேலே சிம்பல், நடுவில்தான் பேஸுக்கு இடம், அந்த இடத்தைத்தான் பட்டன் காலி செய்துவிட்டது. எங்கள் டிரம்ஸ் தம்பி ரிகர்சலில் "அக்கா, நீ வாசிக்கிறது தெரியுது, இன்னா வாசிக்கிறன்னு தெர்லக்கா" என்றான். அவன் சொன்னதுக்குப் பிறகு கான்டூர் பக்கம் கை போவதில்லை.

நான் வைக்கிற இடம் இதுதான். நாபின் கோட்டைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள், ஈக்யூ நாலும் முதலில் 12 மணியில். பிறகு பேஸை 11-க்கு இறக்குகிறேன். லோ மிட்டை 2 மணி வரை ஏற்றுகிறேன். ஹை மிட் ஒரு பொட்டு மேலே. ட்ரெபிள் 10. பழைய பாட்டு நிறைய இருக்கிற நாளில் வின்டேஜ் பட்டன் உள்ளே, நோட்டின் முனை மழுங்கி உருண்டையாக வரும். பேஸ் ஆம்ப்பில் பேஸைக் குறைப்பதா என்று கேட்பார்கள். ஈ ஸ்ட்ரிங் திறந்து அடித்தால் 41 ஹெர்ட்ஸ். இத்தனை சின்னப் பெட்டிக்குள் இருக்கிற 10 இன்ச் ஸ்பீக்கரால் அதை முழுதாகக் கொடுக்க முடியாது. நமக்குக் கேட்பது பெரும்பாலும் அதன் மேலே வருகிற 82-ம் 123-ம், அதைக் கேட்டு மூளையே அடி நோட்டை நிரப்பிக்கொள்கிறது. பேஸ் நாபைத் திருகத் திருக, ஸ்பீக்கர் பேப்பர் முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளும், வாட் அத்தனையும் அங்கேயே செலவாகும், காதுக்கு ஒன்றும் வராது. அதைக் குறைத்து அந்த பலத்தை மிட்டுக்குக் கொடுத்தால் இதே நாற்பது வாட் இன்னும் பெரிதாகக் கேட்கும். வெளியே போகிற அடி சத்தத்தை 18 இன்ச் ஸ்பீக்கர் வைத்திருக்கிற மைக்செட்காரர் பார்த்துக்கொள்வார்.

இளையராஜா பாட்டு வாசிக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். எங்கள் லிஸ்டில் பாதிக்கு மேல் எண்பதுகளின் ராஜா பாட்டுதான். அந்த பேஸ் ரூட் நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்காது. பாடகர் மூச்சு எடுக்கிற இடத்தில் கீழிருந்து ஏறி ஜி ஸ்ட்ரிங்கில் ஒரு சின்னப் பாட்டே பாடிவிட்டு இறங்கும். ஜி ஸ்ட்ரிங் திறந்து 98 ஹெர்ட்ஸ், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 196. அந்த இடத்தில் ஆம்ப் பள்ளமாக இருந்தால் சரணத்துக்கு முன்னால் வருகிற அந்த ஓட்டம் யாருக்கும் கேட்காது. முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிற பெரியவர்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். விடமாட்டார்கள், இறங்கி வரும்போது "என்னம்மா, அந்த எடத்துல ஒண்ணும் கேக்கல?" என்று நேராகவே கேட்பார்கள்.

கெய்னைப் பற்றி ஒரு வரி. உங்களால் எவ்வளவு அழுத்தி அடிக்க முடியுமோ அப்படி ஈ ஸ்ட்ரிங்கை அடித்துக்கொண்டே கெய்னை ஏற்றுங்கள், ஓரத்தில் கரகரப்பு தொடங்குகிற இடத்தில் நிறுத்திக் கொஞ்சம் பின்வாங்குங்கள். மற்றதை மாஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆம்ப்பைத் தொடாமலே சவுண்டு நன்றாகிற வழி ஒன்று உண்டு. கீபோர்டு தம்பியின் இடது கை. பெரும்பாலான கீபோர்டு பிள்ளைகள் வீட்டில் தனியாகப் பழகுகிறவர்கள், இடது கையில் பேஸையும் சேர்த்தே வாசித்துப் பழகிவிட்டிருப்பார்கள். சர்ச்சில் எங்கள் கொயருக்கும் அதே பிரச்சினைதான், பாமாலை வாசிக்கும்போது கீபோர்டு தம்பியின் இடது கையும் என் ஸ்ட்ரிங்கும் ஒரே ஆக்டேவில் மோதி வெறும் குழம்பாகக் கேட்கும். "தம்பி, இடது கையை ஒரு ஆக்டேவ் மேலே தூக்கிக்கப்பா" என்று கேட்டேன். அடுத்த பாட்டில் மாஸ்டரைக் குறைக்க வேண்டியிருந்தது.

ஸ்ட்ரிங் பழசாக இருந்தால் எந்த ஆம்ப்பும் காப்பாற்றாது. கடல் பக்கத்து ஊரில் வேர்வையும் உப்பும் சேர்ந்து அதை சீக்கிரமே மட்டமாக்கிவிடும். வாசித்து முடித்ததும் ஒரு காட்டன் துணியால் துடைத்து வையுங்கள்.

உப்பு ஆம்ப்பையும் விடாது. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கடற்கரை ஓரம் குடியிருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம், ஜன்னல் கம்பி சொல்லும். என் ஆம்ப்பில் இன்புட் ஜாக் உள்ளே மங்கலாக ஒரு படலம் படிந்து, கேபிளை அசைத்தால் 'கர்கர்' என்று வரும், அதற்கடுத்து மாஸ்டர் நாபு திருகும்போது வரும். ரிச்சி தெருவில் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கிடைக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு ஜாக் பின்னில் லேசாக அடித்துப் பலமுறை சொருகி எடுத்தாலே ஜாக் சுத்தமாகிவிடும். நாபுக்கு உள்ளே அடிக்க வேண்டும், பெட்டியைத் திறக்கத் தெரியாதவர்கள் மெக்கானிக்கிடமே கொடுங்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். வாசிக்காத நாளில் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடி வைக்கிறேன், முன்பைவிட அந்தக் கர்கர் தள்ளிப் போகிறது. பிளாஸ்டிக் கவர் போட வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும்.

அடுத்தது கரண்ட். இதில் விளையாட்டு கூடாது. தெரு மேடைகளில் ஆம்ப்புக்கு ஒரு இடத்திலிருந்தும் மிக்சருக்கு வேறு இடத்திலிருந்தும் லைன் எடுத்திருப்பார்கள், ஒன்றில் எர்த் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. கை ஸ்ட்ரிங்கில் இருக்கும்போது கோரஸ் பாட மைக்கில் வாய் வைத்தால் உதட்டில் 'சுரீர்' என்று ஒன்று வைக்கும். அப்படி வந்தால் சிரித்து விட்டுவிடாமல் வாசிப்பதை நிறுத்தி லைனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆம்ப்பையும் மிக்சரையும் ஒரே போர்டிலிருந்து எடுப்பது நல்லது. லைன் அவுட் கொடுத்ததும் 'ம்ம்' என்று ஹம் வந்தால் சிலர் மூன்று பின் பிளக்கில் எர்த் முள்ளை விட்டுவிட்டு இரண்டு பின்னில் சொருகுவார்கள். ஹம் போகும், கூடவே உங்கள் பாதுகாப்பும் போகும். அதற்காகவே எக்ஸ்எல்ஆர் பக்கத்தில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் கொடுத்திருக்கிறார்கள். அதை அமுக்குங்கள், மிக்சருக்குப் போகிற கேபிளின் கிரவுண்ட் மட்டும் துண்டாகும், பிளக்கின் எர்த் அப்படியே இருக்கும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஈ ஸ்ட்ரிங்கில் மூன்றாவது ஃப்ரெட்டின் ஜி 49. ஆக ஜி ஸ்கேலில் பாட்டு இருந்தால் ஹம்மும் ஏறக்குறைய சுருதி சேர்ந்துவிடும், மற்ற ஸ்கேலில்தான் மானம் போகும்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த ஆம்ப் என்று யாராவது விலை குறைத்துச் சொன்னால் பின்பக்க லேபிளைப் பாருங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. மாற்றாமல் சொருகினால் கதை முடிந்தது.

இது யாருக்கு ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து ஸ்ட்ரிங் வாசிக்கிறவர்களுக்கு ஆகாது. லோ பி 31 ஹெர்ட்ஸ், இந்தப் பெட்டியில் அது நோட்டாக வராது, ஒரு மூச்சாக வரும். கட்டைவிரலால் ஸ்லாப் அடிக்கிறவர்களுக்கு ட்வீட்டர் இல்லாத குறை தெரியும், மேலே அந்தப் பளிச் கிடைக்காது, பிரைட் பட்டன் ஓரளவுக்குத்தான் ஈடு கட்டும். மைக்செட்டே இல்லாமல் டிரம்ஸோடு ஹாலில் வாசிக்கிற பேண்டுகள் ரம்பிள் 100-க்குப் போய்விடுங்கள். 12 இன்ச் ஸ்பீக்கர், எடை பத்துக் கிலோதான், தூக்குவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆச்சரியமாக, அங்கே சேல்ஸ் பையன் சொன்ன ஆம்ப்பே சரி, அவன் சொன்ன காரணம்தான் தப்பு: நாலு டெசிபலுக்காக இல்லை, பெரிய ஸ்பீக்கருக்காகவும் பெட்டிக்காகவும் வாங்குகிறோம். கிட்டார்காரர் 15 வாட் வால்வு ஆம்ப் வைத்திருந்தாலே நாற்பது வாட் பேஸை அமுக்கிவிடுவார் என்பதையும் மனதில் வையுங்கள். கிட்டாரின் சத்தம் காதுக்குச் சுலபமாக ஏறுகிற இடத்தில் இருக்கிறது, நம்முடையது அப்படி இல்லை.

செகண்ட் ஹேண்டில் பார்க்கப் போகிறவர்கள் உங்கள் சொந்த பேஸையும் சொந்த கேபிளையும் எடுத்துக்கொண்டு போங்கள், விற்கிறவர் கொடுக்கிற கிட்டாரில் வாசித்துப் பார்த்து ஒன்றும் தெரியாது. நாபுகள் ஒவ்வொன்றையும் மெதுவாகத் திருகிக் கரகரப்பு கேட்கிறதா என்று பாருங்கள். கரகரப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், கிளீனருக்குச் சரியாகிவிடுகிற விஷயம், விலையைக் குறைத்துக் கேட்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஈ ஸ்ட்ரிங்கில் முதல் ஃப்ரெட்டிலிருந்து ஒவ்வொரு நோட்டாகப் பன்னிரண்டு வரை ஏறுங்கள். ஒரே ஒரு நோட்டில் மட்டும் 'பர்ர்' என்றால் முதலில் அந்த வீட்டின் பீரோவையும் ஜன்னலையும் கையால் பிடித்துப் பாருங்கள். பிடித்த பிறகும் பொட்டிக்குள்ளிருந்தே வந்தால் ஸ்பீக்கருக்குள் இருக்கிற கம்பிச் சுருளில் உரசல், அல்லது பெட்டி ஒட்டு விட்டிருக்கிறது, வேண்டாம் என்று வந்துவிடுங்கள். எக்ஸ்எல்ஆரை எல்லோரும் சோதிக்க மறப்பார்கள். ஒரு சின்ன மிக்சரோ பவர்டு ஸ்பீக்கரோ அந்த வீட்டில் இல்லையென்றால், பக்கத்தில் சர்ச்சோ சவுண்டு கடையோ இருந்தால் அங்கே கொண்டுபோய் ஒரு நிமிடம் சொருகிப் பார்க்க விடுவாரா என்று கேளுங்கள். பெரம்பூர் அங்கிள் தன் வீட்டிலிருந்த கரோக்கி ஸ்பீக்கரிலேயே போட்டுக் காட்டினார். அந்த அவுட் வேலை செய்யவில்லை என்றால் இந்த ஆம்ப்புக்கு நான் 8,000-க்கு மேல் தர மாட்டேன்.